மதினி சொல்லாத வாக்கியம்

"ஐப்பசி. தீபாவளிக்கு அடுத்த வியாழன். காலையிலிருந்து மழை. பாடசாலை விட்டு வந்தபோது மதினி வாசலில் நின்றார். கையில் நோட்டீஸ். கோபம். தேத்தண்ணி குடிக்கவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியது இவ்வளவுதான். வருடத்தை இங்கே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் எந்தத் தோட்டம் என்று கண்டுபிடிப்பது சுலபம். தோட்டம் தெரிந்தால் மதினியும் தெரிந்துவிடுவார். அவருடைய முகம் ஏற்கெனவே போதுமான அளவு ஊர் சுற்றிவிட்டது.

மதினி என் அண்ணனின் மனைவி. கொழுந்து பறிப்பவர். நான் ஹட்டனில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அண்ணனும் மதினியும் இன்னும் இருக்கும் அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில்தான், நானும் பிறந்தேன். வேலை கிடைத்தபின் ஹட்டனில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் முக்கால் மணி நேரம், மழையென்றால் சொல்ல முடியாது.

நோட்டீஸைப் பற்றிச் சொல்வதற்கு முன் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குச் சில வருடங்களுக்கு முன், வெயில் காய்ந்த ஒரு மாசி மாதத்தில், கம்பனி கொழும்பிலிருந்து படம் பிடிக்க ஆட்களை அனுப்பியது. எங்கள் தோட்டத்தை நடத்துவதும், அதன் தேயிலையை டப்பாவில் அடைத்து வெளிநாட்டில் விற்பதும் ஒரே கம்பனி. மலையில் நின்ற பெண்களில் மதினியைத் தெரிந்தெடுத்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். ஒரு சிவப்புச் சேலை கொடுத்துக் கட்டிவரச் சொன்னார்கள். சிரிக்கச் சொன்னார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். படம் எடுத்து முடிந்ததும் சேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

சேலையைத் திருப்பி வாங்கியதைத்தான் மதினி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். படத்தில் அவருக்குக் குறை இல்லை. டப்பாவில் வந்தபோது சந்தோஷப்பட்டார். ஒரு வெறும் டப்பா கிடைத்தது, அதில் மஞ்சள்தூள் போட்டு வைத்தார்.

நோட்டீஸ் வேறு மாதிரி. தலவாக்கலைப் பக்கம் போகும் பெரிய ரோட்டில் கம்பனியின் தேயிலைக் கடை இருக்கிறது. வேனில் போகிற வெள்ளைக்காரர்கள் இறங்கித் தேத்தண்ணி குடித்து, டப்பா வாங்கிப் போவார்கள். அங்கே வேலை செய்யும் பெண் மதினியின் லயத்தைச் சேர்ந்தவள். "அக்கா, உங்க படம் பெருசா வந்திருக்கு" என்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். நல்ல வழுவழுப்பான தாள். மதினிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. அதனால்தான் மழையில் பஸ் ஏறினார். கோபம் வழியிலேயே தொடங்கியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு காலேஜ் பையன் நோட்டீஸை எட்டிப் பார்த்து, "இது நீங்க சொன்னதாக்கா?" என்று கேட்டிருக்கிறான். என்ன சொன்னது என்று இவர் கேட்பதற்குள் அவன் கொட்டகலையில் இறங்கிவிட்டான்.

நான் வாசித்தேன். வாசித்ததையும், அங்கேயே போனில் தேடிப் பார்த்ததையும் சேர்த்து வரிசையாகச் சொல்கிறேன். வெளிநாட்டில் இந்தத் தேயிலையை வாங்கிக் குடிப்பவர்கள் கொஞ்சக் காலமாகக் கம்பனிக்கு அஞ்சலட்டைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கம்பனி அங்குள்ள ஒரு முதலாளிமார் சங்கத்தில் உறுப்பினர். பூமி சூடாவதைக் குறைக்க அந்நாட்டு அரசாங்கம் சட்டம் கொண்டுவர முயலும்போதெல்லாம், அந்தச் சங்கம் மந்திரிகளையும் அதிகாரிகளையும் பார்த்துப் பேசி, சட்டத்தைத் தள்ளிப்போடவோ பல்லைப் பிடுங்கவோ பார்க்கிறது. "அந்தச் சங்கத்தை விட்டு விலகுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தேயிலையை வாங்க மாட்டோம்" என்பது அஞ்சலட்டைக்காரர்களின் கோரிக்கை. நோட்டீஸ் அதற்குக் கம்பனி கொடுத்த பதில்.

பதிலில் சங்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மதினியின் முகம் இருந்தது. அவசரப்பட்டுக் கொண்டுவரும் சட்டங்கள் முதலில் பாதிப்பது ஏழைக் கைகளைத்தான் என்று இருந்தது. முகத்துக்குக் கீழே, மேற்கோள் குறிக்குள், ஒரு வாக்கியம்.

"என்னா எழுதியிருக்கு?" என்றார் மதினி.

"'எங்களுக்கு அவகாசம் கொடுங்கள்'னு."

"யாரு சொன்னது?"

"நீங்க சொன்னதா போட்டிருக்காங்க, மதினி."

"நான் எப்ப சொன்னேன்?"

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

"சிரிக்கச் சொன்னானுங்க, சிரிச்சேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல. என்னா பாசையில சொன்னேனாம்?"

"இங்கிலீசுல."

"நல்லாருக்கே" என்றார். பிறகு நோட்டீஸை மடித்தார். அது வழுவழுப்பான தாள் என்பதால் மடிப்பு நிற்காமல் மறுபடி மறுபடி விரிந்தது, அவர் முகம் மேலே வந்தது. "அவகாசம். அவகாசம் கேட்டது அவனுங்க. எங்க வீட்டு பின்னுக்கு நிக்கிற மண்ணு குடுக்குமா அவகாசம்?"

அவர்கள் லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக ஏறுகிறது. முந்தின வருட மழையில் மேலே ஒரு வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து, சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு குறி போட்டுப் போனார்கள். பெரிய மழை பெய்தால் வெளியேற வேண்டும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பெரிய மழை பெய்த ஒவ்வொரு முறையும் அண்ணனும் மதினியும் பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் படுத்தார்கள். பகலில் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துக் கட்டடம் அது. சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்திருக்கும். வேறு இடத்தில் வீடு கட்ட நிலம் தருவதாகச் சொன்னார்கள். நிலத்தைக் காட்டக்கூடச் செய்தார்கள். கொடுக்கவில்லை.

மழை முன்னைப்போல் இல்லை என்பதை மதினிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காய்ந்தால் கொழுந்து சுருங்கிப் அரைப் பேர்தான் போடுகிறார்கள், அதாவது அரை நாள் சம்பளம். பெய்தால் பிள்ளைக் காம்பரா. அப்படிப்பட்டவரின் வாயில் வைத்த சொல் அவகாசம்.

சங்கம் என்றால் என்ன, அது எப்படி அரசாங்கத்தை நெருக்கும் என்று விளக்க முயன்றேன். நான் நிறையப் படிப்பவள். வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் ஆரம்பித்தேன். மதினி பாதியில் நிறுத்தினார்.

"அந்த சங்கத்துக்கு கம்பனி சந்தா கட்டுதா?"

"கட்டும்."

"அப்ப தெரிஞ்சிருச்சு. விடு."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான விஷயம் கிடையாது. இங்கே எல்லாரும் ஏதோ ஒரு தொழிற்சங்கத்தில் இருப்பார்கள். சந்தாவை ஆபீஸே சம்பளத்தில் வெட்டிச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். சங்கம் நமக்கு விரோதமாகப் பேசினால் யாரும் கூட்டம் போட்டுக் கத்துவதில்லை. ஆபீஸில் ஒரு கடிதம் கொடுத்து, என் சந்தாவை நிறுத்து என்று எழுதுவார்கள். அடுத்த மாதம் வேறு சங்கம். அண்ணனும் மதினியும் அப்படி மூன்று சங்கம் மாறியவர்கள். பெரிய தலைவர்களே அந்தக் கடிதத்துக்குப் பயப்படுவார்கள்.

ஆகவே மதினி அவருக்குத் தெரிந்ததைச் செய்தார். என்னிடம் சொல்லாமல், கார்த்திகை முதல் வாரத்தில், தானே தமிழில் ஒரு கடிதம் எழுதித் தோட்ட ஆபீஸில் கொடுத்தார். "என் படத்தைப் போட்டுப் பேசும் சங்கத்துக்குக் கட்டும் சந்தாவை இத்துடன் நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்பது அதன் சாரம். தன் முகம் அங்கே இருப்பதால் அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்திருக்கிறார். நினைத்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன்.

பெரிய கிளாக்கருக்குச் சந்தா, சங்கம், நிறுத்து என்ற சொற்களைப் பார்த்தால் கை தானாக வேலை செய்யும். அந்த மாதச் சம்பளத்தில் மதினியின் தொழிற்சங்கச் சந்தா வெட்டப்படவில்லை. அவர் தெரியாமல் செய்தாரா, தெரிந்து செய்தாரா என்று இன்றுவரை எங்களுக்குள் வாக்குவாதம். அண்ணன் தெரியாமல் என்கிறார். மதினி, "அவனா, தெரியாம மூக்கக்கூட சொறிய மாட்டான்" என்கிறார்.

சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு நான் லயத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் அது சனிக்கிழமை என்கிறார். ஞாயிறுகளில் மட்டும் போகும் கோயிலுக்குப் போய்விட்டு அங்கே போனதாக நாட்குறிப்பில் எழுதியிருப்பதால் ஞாயிறுதான். இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்திருந்தோம். தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் படியேறினார்.

"என்னா, நம்ம சங்கத்த விட்டுப் போறீங்களாம்?"

"நானா?" என்றார் மதினி.

"ஆபீஸ்ல கடுதாசி இருக்கு. எந்த சங்கத்துக்கு போறீங்க? எவன் வந்து பேசுனான்?"

மதினி நடந்ததைச் சொன்னார். தலைவர் முதலில் நம்பவில்லை. நான் நோட்டீஸைக் காட்டி விளக்கியதும் சிரித்தார்.

"கம்பனிக்கு ஒரு சங்கம். அதுக்கு இவங்க ராஜினாமா. எம்மாடி, உங்க மூளைய மியூசியத்துல வைக்கணும்."

"வைங்க. படம் எடுக்காம வைங்க."

சிரிப்பு நின்றது. தலைவர் குரலைத் தணித்தார். "சரி, பேர திருப்பி எழுதிக்கிறேன். காணி வெசயமா நாந்தான் தொரைகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். இந்த நேரத்துல நோட்டீசு கீட்டீசுன்னு கம்பனிய நோண்டாதீங்க. வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தா மொத வீடு உங்களுக்கு."

"அந்த வாயிலதாங்க அவனுங்க பேசிட்டானுங்க."

"இந்தாம்மா, ஒரு தாளு. ரெண்டு வார்த்த. அதுக்கு வீட்ட வுடுவீங்களா?"

அண்ணன் எழுந்து நின்றார். தலைவர் செருப்புச் சத்தத்தோடு இறங்கிப் போனார். படியில் நின்று, "யோசிங்க" என்றார்.

அவர் போனபின் அண்ணனும் மதினியும் சண்டை போட்டார்கள். வீடு வேண்டும் என்றார் அண்ணன். எனக்கு மட்டும் வேண்டாமா என்றார் மதினி. பிறகு என்ன மயிருக்கு இந்தப் பிடிவாதம் என்றார் அண்ணன். மதினி சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நாளைக்கு மண்ணு சரிஞ்சி நான் செத்தா, இதே மூஞ்சியப் போட்டு, இவ அவகாசம் கேட்டவன்னு சொல்லுவானுங்க. நான் சொல்லலன்னு அவனுங்களே எழுதணும். அது வேணும் எனக்கு. அவ்வளவுதான்."

அன்று முதல் அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். படத்தை எடுக்கச் சொல்லவில்லை. பணம் கேட்கவில்லை. அந்த வாக்கியம் தன்னுடையதல்ல என்று கம்பனி எழுத வேண்டும்.

நான் அவர் பேரில் ஆங்கிலத்தில் கம்பனிக்குக் கடிதம் எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். மார்கழி முழுவதும் பதில் இல்லை.

தைப்பொங்கல் முடிந்த வாரம் தோட்டத்தில் தேயிலைத்தூள் கொடுத்தார்கள். மாதாமாதம் ஸ்டோரில் தூள் கொடுத்து, விலையைச் சம்பளத்தில் வெட்டுவது வழக்கம். டப்பாவில் போகும் தேயிலை அல்ல. அதற்குக் கீழே மிஞ்சும் தூள். மதினியின் முறை வந்ததும், "எனக்கு வேணாம்" என்றார்.

ஸ்டோர்காரர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், போன மாசத்து தூள் இருக்கா?"

"இல்ல. கம்பனி நான் சொல்லாதத சொன்னேன்னு போட்டுருச்சு. இல்லன்னு எழுதுற வரைக்கும் கம்பனி தூள் வேணாம்."

"அதுக்கும் தூளுக்கும் என்னா?"

"வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டேன்னா கம்பனி பயப்படுதுல்ல? நானும் காசு குடுத்துதானே வாங்குறேன்."

இதைப் பின்னால் நின்ற ஒருத்தி போனில் வீடியோ பிடித்துக்கொண்டாள். அது பிறகு விஷயமாயிற்று.

வரிசையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். மதினிக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள் வேண்டாம் என்றார்கள். எத்தனை பேர் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள், அதனால் எழுதவில்லை. அடுத்த மாதம் அவர்களில் பெரும்பாலோர் தூள் வாங்கிக்கொண்டார்கள்.

அஞ்சலட்டைக்காரர்களுடையது போன்ற முயற்சிகளைப் பற்றி நான் படித்திருக்கிறேன். அடிமைகள் விளைவித்த சர்க்கரையை இங்கிலாந்தில் வீடு வீடாக விலக்கிய கதை எனக்குத் தெரியும். விலக்கியவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. கரும்பு வெட்டியவர்கள் சர்க்கரை சாப்பிட்டார்களா, அவர்களும் வேண்டாம் என்று சொன்னார்களா என்று தேடிப் பார்த்தேன். நான் பார்த்த இடங்களில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.

பெரட்டுக் களத்தில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கக் கூடும் இடத்தில், மதினிக்கு நல்ல பேச்சுக் கிடைத்தது.

"டப்பாக்காரி வர்றா, வழி விடுங்கடி."

"நீ குடிக்கலன்னா லண்டன்ல கொழுந்து முத்திப் போயிருமா?"

"அவங்க அங்க வாங்காம விட்டா இங்க வேல கொறையும். அப்ப ஒன் டப்பா வந்து எங்களுக்கு சோறு போடுமா?"

கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி. அதைக் கேட்டவள் மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். மதினி அவளிடம் மட்டும் நின்று பேசினாராம். "வாங்க வேணாம்னு நான் யாருக்கும் சொல்லலடி. எனக்கு வேணாம்னேன்." அவள், "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அஞ்சலட்டை எழுதியவர்கள் எவரும் இந்தப் பெண்ணுக்கு ஓர் அட்டை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

வீட்டிலும் நிலைமை நன்றாக இல்லை. டவுனில் வேறு கம்பனித் தூள் வாங்கலாமே என்று அண்ணன் கேட்டார். "வேற கம்பனி மட்டும் சந்தா கட்டாதா?" என்று மதினி என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். அதோடு அந்த வீட்டில் தேத்தண்ணி நின்றது. கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்தார்கள்.

அண்ணன் ஒரு சனிக்கிழமை தனியாக ஹட்டனுக்கு வந்தார். உட்காரும் முன்பே, "இங்கயும் மல்லித்தண்ணியா?" என்றார்.

"இல்லண்ணே. தேத்தண்ணி."

"ஊத்து."

மூன்று கப் குடித்தார். "தேயில மலைய சுத்தி வச்சிக்கிட்டு, காச்சக்காரன் மாதிரி மல்லித்தண்ணி குடிக்கிறேன். அவளுக்கு தெரிய வேணாம்." புறப்படும்போது வாசலில் வெற்றிலையை மென்று வாயைத் துடைத்தார். மதினிக்கு வாசத்திலேயே தெரிந்துவிட்டதாம். ஒன்றும் கேட்கவில்லையாம். அதுதான் பயமாக இருந்தது என்றார் அண்ணன்.

போனில் பிடித்த துண்டு முகநூலில் சுற்றி, எப்படியோ அஞ்சலட்டைக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பங்குனியில் ஒரு நாள் என் மாணவி ஒருத்தி அதைக் கொண்டுவந்து காட்டினாள். அவர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் மதினியின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஸ்டோர் வாசலில் முகத்தைச் சுளித்து நிற்கும் படம். கீழே, மேற்கோள் குறிக்குள், ஆங்கிலத்தில்: "உலக மக்களே, எங்களோடு நில்லுங்கள்."

நான் அதை மதினியிடம் மறைக்கவில்லை. அவர் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"இவனுங்களும் கேக்கல" என்றார்.

அன்று இரண்டாவது கடிதம் எழுதினேன், அஞ்சலட்டைக்காரர்களுக்கு, மின்னஞ்சலில். முதலாவதைவிடக் கடுமையாக எழுதினேன். கம்பனி பொய் சொல்லும் என்று எதிர்பார்த்துத்தான் எழுதினோம், உங்களிடம் அதை எதிர்பார்க்கவில்லை என்று எழுதினேன். அவர்கள் மறுநாளே மன்னிப்புக் கேட்டு, வாக்கியத்தை எடுத்துவிட்டு, மதினி ஸ்டோரில் உண்மையாகச் சொன்னதை நான் மொழிபெயர்த்துக் கொடுத்தபடி போட்டார்கள். கம்பனி செய்யாததை அவர்கள் ஒரே நாளில் செய்தார்கள். அந்த அளவுக்கு அவர்களை மதிக்கிறேன். அதற்கு மேல் இல்லை.

சித்திரை வருடப் பிறப்பு கழிந்ததும் கொழும்பிலிருந்து கம்பனி ஆள் வந்தார். மதினியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். பெரிய தொரை, அதாவது தோட்ட மனேஜர், மேசைக்குப் பின்னால் இருந்தார். கொழும்புக்காரர் தமிழர். இளவயது, வெள்ளைச் சட்டை, பணிவு. எங்களுக்குப் பிளேன்டீ வந்தது. மதினி கப்பைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

"மேடம், நீங்க படிச்சவங்க, உங்களுக்கு விளங்கும்" என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அவங்ககிட்ட பேசுங்க" என்றேன்.

அவர் மதினி பக்கம் திரும்பினார். "அக்கா, அந்த நோட்டீஸ எல்லா இடத்துலயும் எடுத்தாச்சு. இனி அடிக்க மாட்டோம். உங்க படமும் வேணாம்னா டப்பாவுல இருந்து எடுத்திடலாம். பிள்ளைக் காம்பராவுக்குப் புதுக் கூரை போட்டுத் தர்றோம்."

"எடுத்திட்டீங்க. சரி. வாசிச்சவங்க மண்டையில இருந்து எப்படி எடுப்பீங்க?"

"அதுக்கு நாங்க என்ன செய்யலாம்?"

"நான் சொல்லலன்னு அதே அளவுல ஒரு நோட்டீஸ் போடுங்க."

"அது கொஞ்சம்..." அவர் தொரையைப் பார்த்தார். தொரை ஜன்னலைப் பார்த்தார். "அப்படிப் போட்டா கம்பனி பொய் சொன்ன மாதிரி ஆகிடும் அக்கா."

"ஆமா" என்றார் மதினி.

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படத்தப் பாவிக்க உரிம குடுத்து."

"படத்துக்கு குடுத்தேன். வாய்க்குமா குடுத்தேன்?"

"அந்தச் சங்கத்துக்கு இன்னும் சந்தா கட்டுறீங்களா?" என்று நான் கேட்டேன்.

"அது தலைமையகத்து விஷயம், மேடம். எனக்குச் சொல்ல அதிகாரமில்ல."

"அப்ப வந்தது எதுக்கு?" என்றேன்.

அவர் மறுபடி தொரையைப் பார்த்தார். பணிவு மட்டும் அப்படியே இருந்தது. மதினி எழுந்தார். வாசலில் திரும்பி, "தம்பி, கூரைய போடுங்க. அது புள்ளைங்களுக்கு. அதுல எம் மூஞ்சி வேணாம்" என்றார்.

சேற்றில் இறங்கி நடந்தோம். லயத்துக்கு வந்ததும், "அந்தக் கொழும்புப் பையனுக்கு அம்மா இருக்காங்களா கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "கேட்டிருக்கணும். அவங்க வாயில இப்படி வச்சா சும்மா இருப்பானா?" என்றார்.

கூரை போடப்பட்டது. ஆனியில், தென்மேற்கு மழை தொடங்கியபின். காணி இன்னும் கொடுக்கப்படவில்லை. எங்களுக்கு மட்டுமல்ல, அந்த லயத்தில் யாருக்குமே கொடுக்கவில்லை. அதனால் தலைவரின் முதல் வீடு யாருக்கும் போகவில்லை. அவர் இப்போதெல்லாம் மதினியைக் கண்டால், "எந்த சங்கத்துல இருக்கீங்க இன்னைக்கு?" என்று கேட்பார். மதினி, "உங்க சங்கத்துலதான், அடுத்த கடுதாசி வரைக்கும்" என்பார். இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆடியில் அஞ்சலட்டைக்காரர்களிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்பனி தங்களில் ஒருவருக்கு எழுதிய பதிலில், நோட்டீஸில் இருந்த வாக்கியம் அந்தப் பெண் சொன்னதல்ல, விளம்பரப் பிரிவு எழுதியது என்று ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பதிலின் பிரதியை அனுப்பும்படி அன்றே கேட்டேன். தேடி அனுப்புகிறோம் என்றார்கள். மறுபடி கேட்டேன். பதிலைப் பெற்றவர் வெளியூரில் இருப்பதாகச் சொன்னார்கள்.

விஷயத்தை மதினியிடம் சொன்னேன். சொல்லாமல் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

"நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டார்.

"இல்ல மதினி. சொல்றாங்க."

"சொல்றது ஆருக்கும் வரும்" என்று சொல்லி, அந்த மாதமும் தூள் வாங்காமல் ஸ்டோரிலிருந்து வந்தார். பிரதி வந்தால் அண்ணனுக்கு ஒரு கப் தேத்தண்ணி உண்டு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கம்பனி அப்படி எழுதியது உண்மையா என்பதை, இதை எழுதும் இந்த ஆவணி வரை, என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. பிரதி எனக்கு வந்து சேரவில்லை.